சட்டைப் பையில் புகாத எலுமிச்சம்பழம்

1

என் மகள் மாயாவுக்குப் பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறோம். இங்கே ஆஸ்திரேலியாவில் பதினாறு வயதானால் ஓட்டிப் பழக உரிமம் கொடுத்துவிடுகிறார்கள். எங்கள் ஊரைச் சுற்றிலும் கோதுமை வயல். கார் ஓட்டத் தெரியாத பிள்ளை கடைக்குப் போகக்கூட அப்பனைக் கெஞ்ச வேண்டும். போன சனிக்கிழமை முற்பகல் வண்டி வாசலில் வந்து நின்றதும் என் மனைவி சுமதி என்னைப் பார்த்தாள். அவள் என்ன கேட்க நினைத்தாள் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வண்டி வந்தால் நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிவிட்டுத்தானே அடுத்த வேலை.

பின்பக்கத் தோட்டத்தில் எலுமிச்சை மரமே நிற்கிறது. கொத்துக்கொத்தாய்க் காய்த்துத் தொங்குகிறது. நாங்கள் இருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மாயா அதற்குள் போனைக் கையில் எடுத்துவிட்டாள். "சரளா அத்தைக்குக் காட்டப் போறேன்" என்றாள். சரளா என் அக்கா. திருவொற்றியூரில் இருக்கிறாள். என்னோடு அவள் பேசி ஒரு வருஷம் ஆகிறது. அவளுடைய ஒரே மகன் லோகேஷ், எங்களுக்கு லோகு, என் வீட்டில் தங்கி விமானம் ஓட்டப் படித்தவன். முதல்முதலாகத் தனியாக ஓட்டிய அன்று, இந்த ஊர் ஓடுபாதையில் இறங்கும்போது செத்துப்போனான். அவன் போய் இந்த மாதத்தோடு ஒரு வருஷம்.

மாயா அத்தையோடு எப்போதாவது பேசுவாள் என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி நான் கேட்டதில்லை. "இப்ப வேண்டாம்" என்று சொல்ல வாயெடுத்தேன். அங்கே மணி அடிக்கத் தொடங்கிவிட்டது.

2

அக்கா வீட்டுக்காரர் சேகர் மாமா ட்ரெய்லர் லாரி ஓட்டியவர். சொந்த வண்டி. துறைமுகத்துக் கன்டெய்னர், சாத்தாங்காட்டுக்கு இரும்புச் சுருள், எது கிடைத்தாலும் ஏற்றுவார். எண்ணூர் நெடுஞ்சாலையில் போய் வந்தவர்களுக்கு அந்த வரிசையைத் தெரியும். துறைமுகக் கேட்டில் தொடங்கி எர்ணாவூர் வரைக்கும் ட்ரெய்லர்கள் நிற்கும். இன்று நின்ற இடத்திலேயே நாளையும் நிற்கும். ஒரு பக்கம் கடலைத் தடுக்கக் கொட்டிய கற்கள், மறுபக்கம் மணலியிலிருந்து வரும் நாற்றம், நடுவில் ஸ்டவ் பற்றவைத்துச் சோறு பொங்கும் டிரைவர்கள்.

பள்ளிக்கூட விடுமுறை வந்தால் லோகு அப்பா வண்டியில் ஏறிக்கொள்வான். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, எட்டாத கால்களைத் தொங்கவிட்டு, நகராத வண்டியின் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருப்பான். கண்ணாடிக்கு முன்னால் அம்மன் படம். படத்தின் கீழே வெள்ளிக்கிழமைதோறும் மாற்றுகிற எலுமிச்சம்பழம். பிரேக் போட்டால் பழம் உருண்டு ஓடிவிடும் என்று மாமா அக்காவின் பழைய பிளாஸ்டிக் வளையல் ஒன்றை அங்கே ஒட்டி வைத்திருந்தார். பழம் அந்த வளையலுக்குள் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும்.

நான் அப்போது எண்ணூரில் ஒரு ஆலையில் ஃபிட்டராக இருந்தேன். வேலை முடிந்து வரும் வழியில் வரிசையில் நிற்கும் மாமாவுக்கு டீ வாங்கிக் கொடுப்பேன். ஒருநாள் லோகுவிடம், "பெரியவனானா இந்த வண்டியத்தான் ஓட்டப் போறியா?" என்று கேட்டேன்.

"இத்த எவன் ஓட்டுவான் மாமா? லைன்ல நின்னே கெய்வனாயிடலாம். மேல பாரு, அங்க லைனே கெடயாது" என்றான். மேலே ஒரு விமானம் போய்க்கொண்டிருந்தது.

அந்த லாரியை விற்றுத்தான் மாமா அவனை இங்கே அனுப்பினார். வண்டியைக் கொடுத்த அன்று அம்மன் படத்தை மட்டும் கழற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்தாராம். ட்ரெய்லர்காரன் மகன் ப்ளேன் ஓட்டப் போறானாம் என்று தெருவில் சிரித்தார்கள். அக்கா குழாயடியில் நின்று பதில் கொடுத்தாள்: "ஆமா, ஓட்டுவான். நீ ஏறச் சொல்லோ சொல்லு, ஜன்னல் சீட்டு குடுக்கச் சொல்றேன்."

3

லோகு வந்து இறங்கிய அன்றே விமான நிலையத்தில் ஒரு கூத்து. கோயிலில் வாங்கிய எலுமிச்சம்பழத்தை அக்கா அவன் கைப்பைக்குள் போட்டு அனுப்பியிருந்தாள். இந்த நாட்டுக்குள் பழம், விதை, மண் எதையும் கொண்டுவர விடமாட்டார்கள். ஒரு அதிகாரி கையுறை மாட்டிய விரல்களால் பழத்தைத் தூக்கிப் பிடித்து, இது எதற்கு என்று கேட்டிருக்கிறார். பாதுகாப்புக்கு என்று இவன் சொல்லியிருக்கிறான். எதிலிருந்து பாதுகாப்பு என்று அவர் கேட்டிருக்கிறார்.

"இன்னா சொல்றதுன்னே தெரில மாமா. குப்பத்தொட்டில போட்டுட்டான். அம்மாகிட்ட சொல்லிடாத, பேஜாராயிடும்" என்று காரில் வரும்போதே என்னிடம் சத்தியம் வாங்கினான். பிறகு போனில் அம்மாவின் குரலைக் கேட்டதும் அவனே உளறிவிட்டான்.

அக்கா போனை என்னிடம் கொடுக்கச் சொன்னாள். "உன் வூட்டாண்ட மரம் கீதுன்னு சொன்னியே நைனா. அவன் மொத மொத தனியா ஓட்டற அன்னிக்கு ஒரு பழம் பறிச்சி சாமிகிட்ட வெச்சி எட்து குடு. தாய்மாமன் கையால குடு. மறந்துடாத."

மரம் இந்த வீட்டை எங்களுக்கு விற்றவர்கள் வைத்துவிட்டுப் போனது. பழத்தைப் பறித்து வீடியோவில் காட்டினேன். இந்த ஊர் எலுமிச்சை நம்முடையதைப் போல உருண்டையாக இருக்காது. நீளவாக்கில், தடித்த தோலும் நுனியில் மூக்குமாக, கைகொள்ளாத அளவு. "இன்னாடா இது, நார்த்தங்கா மாரி கீது!" என்று அக்கா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டது அதுதான் கடைசி.

லோகு வந்த பிறகு வீட்டில் சத்தம் கூடியது. மாயா அதுவரை தமிழை ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் மட்டும் பேசுவாள். "தந்தையே, நலமா" என்கிற பாணியில் நாலு வாக்கியம். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். எத்தனை கெஞ்சியும் மிரட்டியும் நடக்காத காரியத்தை லோகு சில மாதத்தில் நடத்திவிட்டான். ஒருநாள் நான் வேலையிலிருந்து வந்ததும், "இன்னாப்பா, மூஞ்சி டல்லா கீது?" என்று கேட்டாள் என் மகள். சுமதி கும்பகோணத்துக்காரி. "பேசறாளேன்னு சந்தோஷப்படறதா, பேசறதைக் கேட்டு அழறதா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கோ திருவொற்றியூரே என் கூடத்துக்குள் வந்துவிட்ட பெருமை.

அவன் ஓட்டிப் பழகிய சின்ன விமானத்தில் இரண்டு பேர்தான் உட்காரலாம். முதல்நாள் பார்த்துவிட்டு வந்து, "ஷேர் ஆட்டோக்கு ரெக்க வெச்சா மாரி கீது மாமா. ஷேர் ஆட்டோலகூட பத்து பேரு ஏத்துவான்" என்றான்.

4

தனியாகப் போகும் நாளை முன்கூட்டியே சொல்லமாட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவர் ஒருநாள் திடீரென்று கீழே இறங்கிக்கொண்டு, நீயே ஒரு சுற்று போய் வா என்பாராம். "இன்னிக்கு இருக்கும்னு தோணுது மாமா" என்று அன்று காலை லோகு சொன்னான். நான் பழத்தைப் பறித்து, கழுவி, சாமி படத்தடியில் வைத்து எடுத்து அவன் கையில் கொடுத்தேன். சட்டைப் பையில் போட்டுப் பார்த்தான். புகவில்லை. சிரித்துக்கொண்டே பைக்குள் போட்டுக்கொண்டு போனான்.

நான் இங்கே கோதுமைக் கிடங்கில் கன்வேயர் பழுது பார்க்கிறவன். கிடங்கின் உச்சியில் நின்றால் ஊரே தெரியும். ஓடுபாதையை மட்டும் யூகலிப்டஸ் மரங்கள் மறைக்கும். அன்று மேலேதான் வேலை. சின்ன வெள்ளை விமானம் ஒன்று கிளம்பி, ஊரை ஒரு சுற்றுச் சுற்றி, அலுங்காமல் மரங்களுக்குப் பின்னால் இறங்கியது. அதில் ஒருவன்தான் இருக்கிறான் என்று எனக்கு எப்படியோ தெரிந்தது. கூட வேலை செய்கிறவனைக் கூப்பிட்டு, "அது என் அக்கா மகன்" என்று சொன்னேன். அவன் என் முதுகில் தட்டினான். நாங்கள் மறுபடி வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டோம். கொஞ்ச நேரத்தில் தீயணைப்பு வண்டியின் சத்தம் கேட்டது. எங்கேயோ வயல் எரிகிறது என்றுதான் நினைத்தேன்.

சக்கரம் தரையைத் தொட்ட பிறகு விமானம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய், ஓடுபாதையை விட்டு விலகி, வாய்க்காலில் விழுந்து கவிழ்ந்திருந்தது. தீப்பிடிக்கவில்லை. வெளியே பார்த்தால் பெரிய சேதம் தெரியவில்லை. அவன் கழுத்து முறிந்திருந்தது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் நீ யார் என்று கேட்டார்கள். மாமா என்றேன். மாமாவெல்லாம் நெருங்கிய உறவு ஆகாது, அப்பா கையெழுத்து வேண்டும் என்றார்கள். இவனுக்குக் காது குத்தும்போது என் மடியில்தான் உட்கார்ந்திருந்தான், கத்திக் கத்தி என் பட்டுச் சட்டையை நனைத்தான். இதை எந்த மேசையில் சொல்வது? விசா அலுவலகத்துக்குப் போன் செய்து, நம்மூர் வழக்கப்படி ஆங்கிலத்தில், என் அக்கா மகன் 'எக்ஸ்பயர்' ஆகிவிட்டான் என்றேன். எதிர்முனையில் இருந்த பெண், எது காலாவதியானது, விசாவா பாஸ்போர்ட்டா என்று கேட்டாள். செத்துப்போய்விட்டான் என்று பச்சையாகச் சொல்ல வேண்டியதாயிற்று. சொன்ன பிறகுதான் எனக்கே அது உறைத்தது. அந்தப் பெண் போனிலேயே அழ ஆரம்பித்தாள். நான் அவளைத் தேற்றினேன்.

5

விசாரணைக்கு வெளியூரிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். நரைத்த தாடி, மெதுவான பேச்சு. என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, தயங்கித் தயங்கிக் கேட்டார்: விமானத்துக்குள் ஒரு எலுமிச்சம்பழம் கிடந்தது, ஏன் என்று உங்களுக்குத் தெரியுமா?

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். வண்டி, சக்கரம், அம்மன், அக்கா. அவர் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. பழம் எங்கே கிடந்தது என்று கேட்டேன். காலடியில், மிதிகட்டைக்குப் பின்னால், நசுங்கிக் கிடந்தது என்றார். தரையில் ஓடும்போது விமானத்தைக் கையால் திருப்ப முடியாது, காலால்தான் திருப்ப வேண்டும் என்று லோகு எனக்குச் சொல்லியிருந்தான். ஒரு கால் மிதிக்க வேண்டிய இடத்தில் ஏதாவது சிக்கினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். அதுவா காரணம் என்று கேட்டேன்.

"சொல்ல முடியாது" என்றார் அவர். "அன்று பக்கவாட்டில் காற்றும் இருந்தது. கவிழ்ந்தபோது பழம் அங்கே உருண்டு போயிருக்கலாம். முன்பே போயிருக்கவும் செய்யலாம். எனக்குத் தெரியவில்லை."

அவர் போன பிறகு அக்கா கூப்பிட்டாள். லோகுவின் உடல் அப்போது இங்கேதான் இருந்தது. அழுது அழுது அவளுக்குக் குரலே இல்லை. அந்த இல்லாத குரலில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"பழம் குட்தியா நைனா?"

கொடுத்தேன் என்று சொன்னால் அடுத்தடுத்துக் கேட்பாள். யாராவது ஒருநாள் அந்தப் பழம் எங்கே கிடந்தது என்று அவளுக்குச் சொல்லிவிடுவார்கள். தன் வாயால் கொடுக்கச் சொன்ன பழம் மகனின் காலுக்கடியில் கிடந்தது என்று தெரிந்தால் அவள் எப்படி மிச்ச நாளை ஓட்டுவாள்?

"இல்லக்கா. மறந்துட்டேன்."

"மறந்துட்டியா?"

"ஆமாக்கா. வேல அவசரத்துல."

பின்னாலிருந்து சேகர் மாமா, "இன்னா, மறந்துட்டானாமா?" என்று கேட்பது காதில் விழுந்தது. அக்கா "சரி" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

உடலோடு நானும் திருவொற்றியூர் போனேன். பந்தல் போட்டிருந்தார்கள், தெருவே கூடியிருந்தது. நான் ஆட்டோவை விட்டு இறங்கியதும் சேகர் மாமா எழுந்து வந்தார். அவர் கையை நான் பிடிக்கப் போனேன். அவர் தட்டிவிட்டார். "ஒரு பழம்யா. வூட்டாண்ட மரத்துல தொங்கினு கீது. அத்த பறிச்சி என் புள்ளைக்கி குடுக்க உனக்கு கை வர்ல. நீயெல்லாம் ஒரு தாய்மாமன்!" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினார். தெருவில் ஒருவரும் என் பக்கம் பேசவில்லை. எப்படிப் பேசுவார்கள்? அக்கா சுவரோரம் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காரியம் முடிந்து கிளம்பும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வீட்டில் எனக்கு ஒருவர் தண்ணீர் கொடுக்கவில்லை.

இங்கே வந்ததும் மரத்தை வெட்டக் கோடாலி எடுத்தேன். மரம் என்ன செய்தது என்று சுமதி பிடுங்கி வைத்துவிட்டாள். ஒரு வருஷமாகப் பழங்கள் தானாக விழுந்து, தானாக அழுகுகின்றன. வீட்டில் எலுமிச்சம்பழச் சாதம் செய்வதில்லை. மாயா இன்னும் லோகு சொல்லிக்கொடுத்த தமிழைத்தான் பேசுகிறாள். முன்பு பெருமையாக இருந்தது. இப்போது சில நாள் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது.

6

இனி சனிக்கிழமைக்கு வருகிறேன். போனில் அக்காவின் முகம் வந்தது. ரொம்ப இளைத்திருந்தாள். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. பின்னால் குடத்தில் தண்ணீர் விழும் சத்தம். மாயா காரைச் சுற்றிச் சுற்றிக் காட்டினாள்.

"சோக்கா கீது கண்ணு. நாலு டயருக்கும் பழம் வெச்சீங்களா?"

"இல்ல அத்தே. அப்பா ஒண்ணியும் செய்யல."

"உங்கப்பன கூப்டு."

போனை வாங்கினேன். அக்கா என்னைக் கொஞ்சநேரம் பார்த்தாள். "இன்னா நைனா, தலயெல்லாம் நரச்சிட்ச்சி" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் நான் உடைந்துபோனேன். அவள் என்னை அழவிட்டாள். பிறகு, "போய் பழம் பறி" என்றாள்.

"வேணாக்கா."

"மொத வண்டி. வெக்காம எடுக்கக் கூடாது. டயருக்கு அடியில வெச்சி ஏத்து. ஏத்தினதும் தூரப் போட்டுடு. உள்ள மட்டும் எத்தயும் வெக்காத."

நான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன்.

"நீ குட்தேன்னு எனக்குத் தெரியும்டா" என்றாள் அக்கா. "அன்னிக்கு தண்ணி புடிக்க எய்ந்து நிக்கறேன், போன் பண்றான். ப்ளேனுக்குள்ள குந்திகினு காட்டறான். கண்ணாடி முன்னாடி பழத்த வெச்சிகினு, அப்பா வண்டி மாரியே கீதாமான்னு கேக்கறான். வளையல் இல்லியேடா, உருளும், பாக்கெட்ல போட்டுக்கோன்னேன். பூறலமா, பெர்சா கீதுன்றான். அப்டின்னா எங்கியாச்சும் ஓரமா சொருகிக்கோன்னு நாந்தான் சொன்னேன்."

நான் வாசற்படியில் உட்கார்ந்தேன்.

"அப்பால, நீ குட்தத உன் வாயால ஒருவாட்டி கேக்கலாம்னு கேட்டா, குடுக்கவே இல்லன்னு சொன்ன பாரு. இவன் எதுக்குப் பொய் சொல்றான்னு யோசிச்சேன். நீ ஆமாக்கா குட்தேன்னு சொல்லியிருந்தா எனக்கு ஒண்ணியும் தெரிஞ்சிருக்காது. நீ பொய் சொன்னதுலதான் புரிஞ்சிது, பழத்துல இன்னாவோ ஆயிருக்குன்னு."

"அதனாலதான்னு யாரும் சொல்லலக்கா. காத்து அடிச்சுதுன்னும் சொன்னாங்க. யாருக்கும் தெரியல."

"காத்தா இருந்தா காத்து. பழமா இருந்தா அது நான் வெக்கச் சொன்ன பழம். நீ இன்னாத்துக்கு அத்த தூக்கிகினு திரியற?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மாமா அத்தினி பேரு முன்னாடி உன்ன கேட்டாரு. நான் வாயத் தெறக்கல. அதான் உன் மூஞ்சில முழிக்க முடில நைனா. போன வாரம்தான் அவருகிட்ட சொன்னேன். தெவசம் வர்துக்குள்ள சொல்லிடணும்னு சொல்லிட்டேன்."

"மாமா என்ன சொன்னாரு?"

"வண்டிலேர்ந்து கயட்டினு வந்த சாமி படத்த எட்து தொடச்சிகினே இருந்தாரு. அப்பால, பாபு சாப்ட்டானா கேளுன்னாரு."

பாபு நான்தான். இதையெல்லாம் ஊரில் படிக்கிற மாதிரி எழுதட்டுமா என்று பிறகு அவளிடம் கேட்டேன். "எய்து. படிக்கறவங்க வூட்டுப் புள்ளைங்களும் வண்டி ஓட்டுதுங்க இல்ல" என்றாள்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்த மரத்தைத் தொட்டேன். நாலு பழம் பறித்துச் சக்கரங்களுக்கு அடியில் வைத்தேன். சுமதி கற்பூரம் காட்டினாள். மாயா டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அக்கா பார்க்கட்டும் என்று போனை ஜன்னலோரம் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மாயா, கால்கிட்ட பாரு கண்ணு. எதுனா கீதா?" என்றாள் அக்கா.

மாயா குனிந்து மிதிகட்டைகளுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். "ஒண்ணியும் இல்ல அத்தே."

"இன்னொருவாட்டி பாரு" என்றாள் அக்கா.

மாயா ஏன் என்று கேட்கவில்லை. இன்னொருமுறை குனிந்தாள்.